கிணற்றுக்குள் இருந்த கோயில்

போன மாதம் உங்கள் ஒலி நிறுவல் ஒன்றுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டீர்கள். வெள்ளையடித்த வெறும் அறை, ஒரு நாற்காலிகூட இல்லை. கதவைச் சாத்திய சிறிது நேரத்தில் நாலு சுவரும் பின்னுக்குப் போய்விட்டன. கையை நீட்டினால் தொடக்கூடிய சுவர், காதுக்கு எங்கேயோ தூரத்தில் இருந்தது. நல்ல வேலை, வாயாரச் சொல்கிறேன். வெளியே வந்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, "ஐயா, அந்தக் காலத்திலை நீங்கள் என்ன மெஷினிலை செய்தனீங்கள்?" என்று கேட்டீர்கள். இரண்டு அம்பிளிபயர், மூன்று மைக், ஒரு கிணறு என்றேன். கிழவன் பகிடி விடுகிறான் என்று சிரித்தீர்கள். பகிடி இல்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் காலத்தில் இந்த வேலைக்குப் பெயர் கிடையாது. என்னை ஊரில் லவுட்ஸ்பீக்கர்காரன் என்பார்கள். கலியாணவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று எங்கே சத்தம் வேண்டுமோ அங்கே நான் நிற்பேன். கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. சத்தத்தைக் கூட்டிக் கொடுப்பவன்தான் கெட்டிக்காரன் என்று ஊர் நினைத்தது, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்து நாலில் ஒரு நாள், திருத்திய ஊதுகுழல் ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இனி ஒரு சத்தம் கேட்டால் வயரை அறுத்துப்போடுவேன் என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தார். நான் மூளையைப் பாவித்தேன். ஸ்பீக்கரைக் கயிற்றில் கட்டி எங்கள் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, முன்னறையில் இருந்து மைக்கில் "ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். கொஞ்ச நேரத்தில் பின்வளவில் ஒரே கூக்குரல். ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் மாமி கையில் கயிறோடு நிற்கிறார், கூட ஒழுங்கையில் போன இரண்டு பேர்.

"ஆரோ விழுந்திட்டான்! ஹலோ ஹலோ எண்டு கத்துறான், இப்ப சத்தத்தைக் காணேல்லை!"

அன்றைக்கு வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. எல்லாரும் போன பிறகு, மாமி அப்படி ஏன் நம்பினார் என்று யோசித்தேன். தம்பியைப் பேசச் சொல்லிவிட்டுக் கிணற்றடியில் நின்று கேட்டேன். அவன் குரல் எங்கள் வீட்டுக் கிணற்றில் இருந்து வரவில்லை. பெரிய மண்டபம் ஒன்றின் நடுவில் ஒரு மனிதன் நின்று கதைப்பது போல வந்தது. சத்தம் கூடவில்லை, இடம் கூடியிருந்தது. இருபத்தைந்து வயதில் தொழிலை முதலில் இருந்து படிக்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்துத் திரிந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எண்பத்தாறில் ஒரு நாடகத்துக்கு ஒலி செய்தேன். பதுங்குகுழிக்குள் நடக்கும் கதை. மண்டபமோ கூரை உயர்ந்த பெரிய பள்ளிக்கூட மண்டபம். நான் ஸ்பீக்கர்களைச் சனம் இருக்கும் வாங்குகளுக்குக் கீழே, நிலத்தைப் பார்க்க வைத்து, மண் சரியும் ஓசையை மெல்ல மெல்ல விட்டேன். நாடகம் முடிந்து வெளியே போனவர்களில் பாதிப் பேர் எட்டடி உயர வாசலைக் குனிந்து கடந்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றவனிடம் ஒரு தாய் வந்தார்.

"உந்தக் குழியை ஏன் தம்பி எங்களுக்குச் செய்தனீர்? உது வீட்டிலை இருக்குத்தானே."

சனத்திடம் ஏற்கெனவே இருக்கும் அறை எது, இல்லாமல் போன அறை எது என்று கேட்காமல் எந்த வேலையையும் தொடங்காதீர்கள். இது அந்த அம்மா எனக்குச் சொன்னது, நான் உங்களுக்குச் சொல்கிறேன். நான் அதைப் பாதிதான் படித்தேன் என்பது ஐந்து வருடம் கழித்துத் தெரிந்தது.

தொண்ணூற்றொன்று. சண்டைக் காலம், யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ரயில் நின்றுவிட்டது. பற்றறிக்கும் தடை, மண்ணெண்ணெய்க்கும் தடை. லவுட்ஸ்பீக்கர்காரன் என்ன செய்வான்? சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தேன். பெரிய வெள்ளிக்கு ஒரு கிழமை முன்னர் ஒரு பங்குச் சுவாமியார் வெயிலில் சைக்கிள் மிதித்து என்னைத் தேடி வந்தார். கரையோரக் கிறிஸ்தவப் பங்கு ஒன்றின் சனம் ஷெல்லடிக்குத் தாங்காமல் முழுதாக எழும்பிப்போய், சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், பழைய நெல்லுக் கிட்டங்கி ஒன்றில் இருந்தது. கிட்டங்கியின் ஒரு பக்கத்தில் குடும்பங்கள் தங்கியிருந்தன, மறுபக்கத்தில் ஒரு மேசையை வைத்துப் பூசை நடந்தது.

"சத்தம் போதாது தம்பி," என்றார் சுவாமியார். "நான் தொண்டை கிழியக் கத்திறன். சனம் செபிக்குதில்லை, கதைக்குது. கோயிலிலை இப்பிடி ஒருநாளும் செய்யாத சனம்."

எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் கையைத் தட்டிப் பார்ப்பேன். கிட்டங்கியின் நடுவில் நின்று ஒரு தட்டுத் தட்டினேன். சத்தம் என் கையிலேயே செத்துப்போனது. தகரக் கூரைக்குக் கீழே வெக்கைக்காகத் தென்னோலைக் கிடுகு கட்டியிருந்தார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் மறைப்பாகச் சீலை தொங்கியது. கிடுகும் சீலையும் எல்லாவற்றையும் குடித்துவிட்டன. சீலை ஒன்றை விலக்கிக்கொண்டு ஒரு பெண் தலையை நீட்டினார்.

"ஆருக்குத் தம்பி கைதட்டுறீர்? நாங்கள் இன்னும் ஆடத் தொடங்கேல்லையே!"

அவர்தான் பிலோமினாக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கரையில் மீன் வாங்கிச் சந்தையில் விற்று நாலு பிள்ளைகளை வளர்த்தவர். கிட்டங்கியில் யாருக்கு எங்கே பாய் என்பதில் இருந்து யார் சண்டையை யார் தீர்ப்பது என்பது வரை அவர் சொல்தான். மறைப்புக்குள் அவருடைய மகள், சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் பெற்று வந்த பன்னிரண்டு நாள் குழந்தையோடு படுத்திருந்தாள்.

எனக்கு அந்தச் சனத்தின் கோயில் தெரியும். ஒரு திருநாளுக்கு அங்கே ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். தடித்த கற்சுவர், உயர்ந்த வளைவு. ஒருவர் தும்மினால் அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். அந்தக் கட்டடத்துக்குள் வளர்ந்த சனத்துக்கு, செபம் என்றால் வாயை விட்டு வெளியேறி மேலே போய் நிற்கும் ஒன்று. இங்கே அது உதட்டைத் தாண்டவில்லை. நான் சுவாமியாரிடம், "சத்தம் போதும் சுவாமி. இடம்தான் போதாது. இடத்தைத் தாறன்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பழக்கம்.

கிட்டங்கியை ஒட்டிய வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்சார் வீடு. வெளிமுற்றத்தில் கல்லால் கட்டிய அகலமான கிணறு. பங்குனி மாதம், தண்ணீர் நன்றாகக் கீழே போயிருந்தது. எட்டிப் பார்த்து ஒரு கூப்பாடு போட்டேன். என் கோயில் கிடைத்துவிட்டது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு நிறைய ரயில். நான் விசயத்தைச் சொன்னதும் மனிதர் சின்னப் பிள்ளையாகிவிட்டார். ஒரு மைக் சுவாமியாருக்கு முன்னால். அவர் குரல் வயரில் போய் கிணற்றுக்குள் தொங்கும் ஸ்பீக்கரில் ஒலிக்கும். கிணறு அதைப் பெரிதாக்கும். கிணற்றுக்குள் தொங்கும் இன்னொரு மைக் அதை வாங்கிக் கிட்டங்கிச் சுவர்களில் உள்ள ஸ்பீக்கர் பெட்டிகளுக்குக் கொண்டுவரும். இவ்வளவுதான் விசயம். பற்றறிகளுக்கு எப்படிச் சார்ஜ் ஏற்றினேன் என்பதை விடுங்கள், அது களவு கலந்த கதை.

"என்ரை கிணறு கோயிலாகப் போகுதோ?" என்று ஐயா சிரித்தார். "தாராளமாப் போடும் தம்பி. பெரிய வெள்ளிக்கு நானும் வந்து கேக்கிறன்."

புதன்கிழமை பரீட்சித்துப் பார்த்தோம். சுவாமியார் மேசைக்கு முன்னால் நின்று ஒரு செபத்தின் முதல் வரியைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் அது கொஞ்ச நேரம் மேலே நின்றது. பேச்சு நின்றுவிட்டது. ஓடித் திரிந்த பிள்ளைகள் நின்றன. பாயில் சாய்ந்திருந்த கிழவர்கள் எழும்பி உட்கார்ந்தார்கள். பெண்கள், யாரும் சொல்லாமலே, சீலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டார்கள். மாதக்கணக்காக அந்தக் கிட்டங்கிக்குள் யாரும் முக்காடு போடவில்லை என்று சுவாமியார் பிறகு சொன்னார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், ஆனால் என் கலக்கத்தில் பாதி பெருமை.

பின்னேரம் நான் கிணற்றடியில் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்கு வெளியே பிலோமினாக்கா நின்றார். கையில் வாளி. வயர் போகும் வழியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"எங்கடை கோயில் உதுக்குள்ளேயோ இருக்கு?"

"ஓம் அக்கா. இதுக்குள்ளை ஒரு குண்டூசி விழுந்தாலும் உள்ளுக்குக் கேக்கும்," என்று மைக்கைக் காட்டிப் பெருமையடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, ஒண்டு கேக்கட்டே? எங்கடை செபம் உந்தக் கிணத்துக்குள்ளை இறங்குது. எங்கடை வாளி இறங்கேலாதோ?"

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம், தெரியாமல் இருந்தால் நல்லது. அந்தக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. ஆனால் வேறு சாதியார் அதில் கைவைக்கக் கூடாது. கிட்டங்கிச் சனம் குடங்களோடு வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். ஐயா வீட்டு வேலையாள் காலையும் மாலையும் வந்து, அள்ளி, அவர்களுடைய குடத்தில் படாமல் மேலே இருந்து வார்ப்பார். ஆளுக்கு ஒரு குடம். அந்த வேலையாள் செவ்வாய்க்கிழமையே தன் ஊருக்குப் போய்விட்டார். ஐயாவுக்கு நாரி நோவு, குனிந்து அள்ள முடியாது. வேறு தண்ணீர் என்றால் வயல்வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு பொதுக்கிணறு இருந்தது. அது உவர். அதில் தேத்தண்ணி வைத்தால் வாயில் வைக்க முடியாது. அந்தப் பச்சைக் குழந்தையின் தாய்க்கு அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கொக்குவிலில் சைவ வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இந்த வழக்கம் என் கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாளாக அந்த வேலிக்கு வெளியே குடங்கள் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் வயர் இழுத்தேன். என் கிணறும் அப்படித்தான் இருந்தது, அதனால் அது எனக்கு ஒரு காட்சியாகவே தெரியவில்லை. சனத்துக்கு இல்லாமல் போன கோயிலைக் கண்டுபிடித்தவன், இல்லாமல் போன தண்ணீரைக் காணவில்லை. இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"மீன் கை எண்டு சொல்லுகினமாம்," என்றார் பிலோமினாக்கா. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "கடலுக்குப் போக விடாமல் எத்தினை மாசம்? இந்தக் கையிலை இப்ப மீன் மணமும் இல்லைத் தம்பி."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. நான் சொன்னது வேறு. "நான் சவுண்ட்காரன் அக்கா, எனக்கென்ன அதிகாரம்? பெரிய வெள்ளி முடியட்டும், ஐயாவோடை கதைச்சுப் பாப்பம்."

"குழந்தை பெரிய வெள்ளி முடியுமட்டும் பாத்துக்கொண்டிருக்குமோ?" என்று கேட்டுவிட்டு, வெறும் வாளியோடு திரும்பிப் போனார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. வியாழக்கிழமை காலை ஐயாவிடம் பேச்சை எடுத்தேன். மனிதருக்கு முகம் மாறிவிட்டது.

"நான் அவையளுக்கு என்ன குறை விட்டனான்? தேங்காய் குடுத்தனான், விறகு குடுத்தனான், படுக்கப் பாய் குடுத்தனான். கிணறு வேறை தம்பி. அந்தத் தண்ணியைத்தான் சாமிக்கு வைக்கிறது." என் வயர்ச் சுருளைக் காட்டி, "நீர் வயர் போட வந்தனீர். வயரைப் போடும். வேறை கதை எண்டால் உம்மடை சாமானை வெளியிலை எடும்," என்றார்.

சுவாமியாரிடம் போனேன். அவர் பாவம், இரண்டு பக்கமும் இடி. "இந்த ஊரார்தான் இருக்க இடம் தந்திருக்கினம் தம்பி. இந்தச் சனத்தைக் கூட்டிக்கொண்டு நான் இனி எங்கை போறது? இப்ப ஒண்டும் கிளப்பாதையும்," என்றார். நான் கிளப்பவில்லை. வேலையில் மூழ்கினேன். மூழ்குவதற்கு ஒரு வேலை இருப்பது எவ்வளவு வசதி என்று உங்களுக்கும் ஒரு நாள் தெரியவரும்.

பெரிய வெள்ளி பின்னேரம் மூன்று மணி. கிட்டங்கி நிறைந்து, சனம் வெளியேயும் நின்றது. மறைப்புச் சீலைகளைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஸ்ரேசன் மாஸ்ரர் சொன்னபடியே வந்தார், சால்வை போட்டுக்கொண்டு. சுவாமியார் அவரைப் பக்கத்துச் சுவரோரம் ஒரு கதிரையில் இருத்தினார். நான் பின்னால் என் மேசையோடு. இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினார்கள். கிணறு தன் வேலையை அழகாகச் செய்தது. ஐயா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தன்னுடைய கிணறு என்ற பெருமை அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

சிலுவையில் உயிர் பிரியும் இடம் வந்ததும் வாசிப்பை நிறுத்தி எல்லாரும் முழந்தாளிட வேண்டும். அந்த மௌனம்தான் என் கைவேலையின் உச்சம். நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். மௌனம் வந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிடுபவன் சாதாரண லவுட்ஸ்பீக்கர்காரன். பெரிய கட்டடத்தின் மௌனத்துக்கு ஒரு மூச்சு உண்டு. அதனால் மற்ற மைக்குகளை அடைத்துவிட்டுக் கிணற்று மைக்கை மாத்திரம் திறந்து வைத்தேன். அந்தக் கிட்டங்கிக்குள், பார்க்க முடியாத உயரத்தில் ஒரு கூரை வந்து நின்றது. யாரும் இருமவில்லை.

அப்போது கப்பி கிரீச்சிட்டது.

எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தைத் தெரியாதவர் இல்லை. கயிறு கப்பியில் ஓடுகிறது, வாளி இறங்குகிறது. என் கண் சனத்துக்குள் தேடியது. பிலோமினாக்கா இல்லை.

என் விரல் கிணற்று மைக்கின் குமிழில் இருந்தது. ஒரு திருகுத் திருகினால் போதும், மௌனம் காப்பாற்றப்படும், அவரும் யாருக்கும் தெரியாமல் ஒரு வாளி அள்ளிக்கொண்டு போய்விடுவார். சுவாமியாருக்குப் பிரச்சினை இல்லை, ஐயாவுக்கு அவமானம் இல்லை, எனக்கும் நல்ல பெயர். திருகாவிட்டால் அந்தச் சனம் முழுவதும் அன்றைக்கே தெருவுக்கு வரக்கூடும். கப்பி இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் இவ்வளவும் ஓடி முடிந்தது. அவரைக் காப்பாற்றுவதற்காகக் குறைப்பது நல்ல செயல் என்றுகூட எனக்குப் பட்டது.

பிறகு ஒன்று உறைத்தது. அங்கே மைக் தொங்குவது அவருக்குத் தெரியும். குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்று சொன்னவனே நான்தான். களவாக அள்ளுவதென்றால் ஐயா நித்திரை கொள்ளும் மத்தியானம் ஒன்றைப் பார்த்து அள்ளியிருப்பார். இவர் கேட்கட்டும் என்றே இறக்குகிறார். அது அவருடைய சத்தம். அதைக் குறைக்க நான் யார்?

குமிழில் இருந்து கையை எடுத்தேன். கூட்டவும் இல்லை. கூட்டியிருந்தால் அது என் சத்தமாகியிருக்கும்.

வாளி தண்ணீரில் விழுந்தது. கிட்டங்கி முழுவதும் தண்ணீர் திறந்து மூடியது. முன்னால் யாரோ ஒரு பெண் "ஆண்டவரே" என்று மூச்சுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. வாளி நிறைந்து ஏறியது, ஒழுகும் துளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கிணற்றில் விழுந்தன. முழந்தாளில் இருந்த ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. கொஞ்சம் இடைவெளி. பிறகு கப்பி மறுபடியும் ஓடியது. இரண்டாவது வாளி.

ஸ்ரேசன் மாஸ்ரர் எழும்பினார். கதிரை தரையில் உரஞ்சியது. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வெளியே போனார். சுவாமியார் முழந்தாளில் இருந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் என்ன கேட்டது என்று எனக்கு விளங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஐயா வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து கிணற்றடிக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மௌனத்தை நான் அமைத்ததில்லை. கப்பி நின்றது. செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கிணற்றுக்கட்டில் கைவைத்து நிற்கும் மூச்சு எங்கள் எல்லாருடைய தலைக்கு மேலும் கேட்டது. அவருக்கும் மைக் தெரியும். தான் இப்போது என்ன சொன்னாலும் அது ஒரு பெரிய கோயிலின் நடுவில் நின்று சொன்னதாகும் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் குரல் வந்தது, கல் வளைவுகளில் மோதியதைப் போல நிதானமாக.

"கயிறு பழசு பிள்ளை. பாத்து இழு."

கப்பி ஓடத் தொடங்கியது. சுவாமியார் எழும்பி, மிச்ச வாசிப்பைத் தொடரச் சொல்லிக் கைகாட்டினார்.

அன்று மாலை பெண்கள் வரிசையாக அந்தக் கிணற்றில் தாங்களே அள்ளினார்கள். ஐயா விறாந்தையில் இருந்து பார்த்தார், தடுக்கவில்லை. அவர் மனம் மாறினாரா, மைக்குக்காக அப்படிச் சொன்னாரா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. சில இடங்களில் நிற்கும்போது மனிதர் சின்னத்தனமாகக் கதைக்கக் கூசுவார்கள். அந்த இடத்தை அமைப்பதுதான் நம் வேலை, அதற்கு மேல் நம் கையில் இல்லை. பிலோமினாக்காவிடம், ஏன் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். பெரிதாக ஏதோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அந்த நேரந்தானே தம்பி எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருப்பினம்," என்றார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை சாமான்களைக் கழற்றப் போனேன். ஸ்பீக்கரைக் கிணற்றுக்குள் இருந்து தூக்கி வெளியே வைத்தேன். மைக் கயிற்றில் கைவைத்தபோது பிலோமினாக்கா வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"ஸ்பீக்கரை எடும். அதை விடும்."

"அக்கா, அம்பிளிபயர் இல்லாமல் உது வேலை செய்யாது. வெறும் இரும்பு."

"எனக்குத் தெரியும்."

நான் விறாந்தையைப் பார்த்தேன். ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கும் தெரியும் அக்கா," என்றேன் மெதுவாக.

"ஓம், தெரியும். தெரிஞ்சாலும், உது தொங்குமட்டும் அவர் வாய் திறக்க மாட்டார்."

என்னிடம் இருந்த மூன்று மைக்கில் அதுதான் நல்லது. அந்தத் தடைக்குள் இன்னொன்று யாழ்ப்பாணத்துக்கு வரப்போவதில்லை. நான் வேலியடியில் வயரை வெட்டி, என் பக்கத்து மிச்சத்தைச் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.